கூப்பிடாமல் விட்ட பெயர்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் பெண்களில் ராமுத்தாயை மட்டும் காலைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். முப்பது வருடமாக அவள் செருப்புப் போட்டதில்லை. சித்திரை வெயிலில் தார் ரோடு உருகி ஒட்டினாலும் வெறுங்கால்தான். பந்தலுக்கு அடியில் வெட்டிப்போட்ட குச்சிகள் குத்தினாலும் வெறுங்கால்தான். குதிகால் வெடித்து, விரல்கள் விரிந்து, பாதம் விறகுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கால்தான் ஒரு காலத்தில் சலங்கை கட்டிக்கொண்டு மெட்ராஸில் செட்டுப்போட்ட அரண்மனைகளில் ஆடியது, அப்புறம் நிஜமான அரண்மனைக்குள் மருமகளாக அடியெடுத்து வைத்தது என்று சொன்னால், புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குலைக்குப் போய்விடுவாள்.

அவள் பிறந்ததும் ஓடைப்பட்டிதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி. அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு சினிமாக் கம்பெனி பாட்டு எடுக்க அந்தத் தோட்டத்துக்கு வந்தது. கூடையைத் தலையில் வைத்துப் பின்னால் நடக்க உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். அவளும் ஒருத்தி. பாட்டு முடிந்து வசனம் எடுக்கும்போது கதாநாயகிக்கு நாலு வரி மறந்து மறந்து போனது. ஆறாவது தடவை மறந்தபோது, பின்னாலிருந்து கூடைக்காரி அந்த நாலு வரியையும் மூச்சு விடாமல் சொன்னாள். டைரக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு தடவை காதில் விழுந்தது அவளுக்கு மறக்காது. அது கடவுள் அவளுக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே சரியாக அனுப்பவில்லை. சினிமாவில் அது சோறு போட்டது. ஹேமாவதி என்று பெயர் மாற்றினார்கள். ஒன்பது படம் நடித்தாள். எல்லாவற்றிலும் கதாநாயகியின் தங்கை, இல்லாவிட்டால் கதாநாயகனைக் காதலித்து ஏமாந்து போகிறவள். இரண்டு படத்தில் விஷம் குடித்துச் செத்தாள்.

பத்தாவது படத்துக்குச் செங்கமடை அரண்மனையில் படப்பிடிப்பு. சின்னமனூரிலிருந்து மலையைப் பார்க்கப் போனால் வருகிற ஊர் அது. பட்டமும் ஜமீனும் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும், அந்த வீட்டு ஆண்களை ராஜா என்றும் பெண்களை ராணி என்றும்தான் ஊர் கூப்பிட்டது. பெரிய ராஜா இறந்துபோய், அவருடைய மனைவி சொர்ணலதா ராணிதான் அங்கே எல்லாம். இளையவர் கோட்டைச்சாமி ராஜா. நல்ல மனுசர், சாது. அவருக்கு ஹேமாவதியைப் பிடித்துப்போனது. அண்ணியிடம் சொல்லப் பயந்து, சுருளி வேலப்பர் சன்னதியில் தாலி கட்டிவிட்டு, மாலையும் கழுத்துமாகக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

சொர்ணலதா ஆரத்தி எடுக்கவில்லை. மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “சூட்டிங் இன்னும் முடியலையா?” என்று மட்டும் கேட்டாள்.

செங்கமடையில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மற்றது புரியும். கோட்டைக்காரியம்மன் கோயிலில் பங்குனிச் செவ்வாய் அன்று பெயர் கூப்பிடுவார்கள். பூசாரி அரண்மனைப் பெண் ஒருத்தியை, அவள் புருசனை இழந்தவளாக இருந்தாலும், பெயர் சொல்லி உள்ளே அழைத்து, அவள் தலையில் சிவப்புப் பட்டில் பரிவட்டம் கட்டுவார். கட்டியவுடன் அந்த வருடத்துக்கு அவள்தான் அரண்மனை. அடுத்த பங்குனி வரை அவிழ்த்து இன்னொருத்திக்குக் கட்டக்கூடாது. அவள் அம்மன் முன்னால் நின்று, ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்காரியையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் கேட்டவள் படி தாண்டி உள்ளே வந்து மஞ்சள் வாங்குவாள். கேட்காதவள் படிக்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். அரண்மனை வீட்டு நல்லது கெட்டதில் அவளுக்கு முறை கிடையாது. அரண்மனைப் பெண் இறந்தால் கோயில் பட்டைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். அதுவும் பெயர் கூப்பிடப்பட்டவளுக்கு மட்டும்தான்.

தொண்ணூற்றைந்தாம் வருடப் பங்குனியில் புது மருமகளாக ராமுத்தாய் அந்தப் படிக்கு வெளியே போய் நின்றாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்திருந்தாள். பரிவட்டம் கட்டிய சொர்ணலதா கூப்பிட ஆரம்பித்தாள். மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, கொல்லத்தெரு. நூற்று நாற்பத்தாறு பெயர். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை. அரண்மனைப் பெயர்களைக் கடைசியில் கூப்பிடுவார்களாக்கும் என்று ராமுத்தாய் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள் பெயர் வரைக்கும் கேட்டது. பிறகு சொர்ணலதா தாம்பாளத்தைக் கவிழ்த்தாள்.

“அவ்வளவுதான் பூசாரி. நடையச் சாத்துங்க.”

உள்ளே செங்கோலோடு உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி ராஜா தரையைப் பார்த்தபடி இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் ராமுத்தாயின் செருப்பைக் காணோம். அரண்மனை வேலைக்காரி அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்காலில் போட்டதை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

அரண்மனைக்குத் திரும்பியதும், “ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீங்க?” என்றாள் புருசனிடம்.

“அண்ணி கோவத்துல இருக்காக. அடுத்த வருசம் பாப்போம்” என்றார் அவர்.

அடுத்த வருடம் அவருக்கு இல்லை. மாசி மாதம் குமுளி மலைரோட்டில் ஜீப் உருண்டு இறந்துபோனார். ராமுத்தாயை அரண்மனைக் கேட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தினார்கள். பெயர் கூப்பிடாத பெண்ணுக்கு இந்த வீட்டில் அழ முறையில்லை என்று சொர்ணலதா சொல்லியனுப்பினாள். முகம் பார்க்க விடவில்லை. புருசனுடைய பாடை ரோட்டில் போகும்போது, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு ஒருத்தியாக நின்று பார்த்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள்: அந்தக் கோயிலுக்குள் என் பெயரைக் கூப்பிட்டு என் காது கேட்கிற வரைக்கும் என் காலுக்குச் செருப்பு கிடையாது. அன்றைக்கு அவள் மனதில் இன்னொன்றும் சொன்னாள். அதை வெளியே சொல்லவில்லை.

மெட்ராஸுக்குத் திரும்பவில்லை. ஓடைப்பட்டிக்கே வந்து, அம்மா பார்த்த வேலையையே பார்த்தாள். குலையில் நெருக்கமாகக் காய்த்த காய்களைக் கத்தரித்துக் கழிக்கிற வேலை. கழித்தால்தான் மிச்சக் காய் பருக்கும். எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று கை பழகிவிட்டது.

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போவாள். எள் விளக்கு ஏற்றி, மண்ணால் செய்த காக்கை ஒன்று வாங்கி வைப்பாள். மற்றவர்கள் கஷ்டம் தீரட்டும் என்று வேண்டுவார்கள். அவள் கேட்டது வேறு. அவருக்குத்தான் தெரியும், யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று. சனீஸ்வரர் அவசரப்படுகிறவர் இல்லை. ஒரு சுற்று சுற்றிப் பழைய வீட்டுக்கே வர அவருக்கு முப்பது வருடம் ஆகும்.

சரியாக முப்பதாவது வருடம் தை மாதத்தில், தோட்டத்து வரப்பில் ஒரு கார் வந்து நின்றது.

ஆண்டிபட்டிக்காரன் விஜய்பாண்டி. முப்பத்திரண்டு வயது டைரக்டர். செல்போனில் பார்க்கிற தொடர் ஒன்று எடுக்கிறான். ஜமீன் கதை. கதையில் வருகிற பெரிய ராணிக்கு, பழைய சினிமாவில் நடித்த, ஆனால் ஜனங்கள் மறந்துபோன ஒரு முகம் வேண்டும் என்று தேடி, ஹேமாவதி என்கிற பெயரைப் பிடித்து, ஊர் விசாரித்து வந்திருந்தான். பந்தலுக்குள் குனிந்து வந்தவன், தலையில் துண்டு கட்டி நிற்கிறவளைப் பார்த்து, “அம்மா, நீங்கதானா?” என்றான்.

“நாந்தான். குனிஞ்சே நில்லுங்க தம்பி, கம்பி கண்ணுல குத்திரும்.”

“எங்க எடுக்கப் போறோம்னா… செங்கமடை அரண்மனையிலம்மா.”

கத்தரிக்கோல் நின்றது. பக்கத்து வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த ஜெபராணி எட்டிப் பார்த்தாள். ராயப்பன்பட்டிக்காரி. பதினெட்டு வருடமாக ராமுத்தாயோடு சேர்ந்து வேலை பார்க்கிறவள். அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும்.

“அரண்மனையில இப்ப யாரு இருக்காக?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள் ராமுத்தாய்.

“லிங்கேஸ்வரன் சார்தான் எல்லாம் பாத்துக்கறாரு. அவுக அம்மா இருக்காக, வயசானவுக. முட்டி போயிருச்சு, சக்கர நாற்காலிதான். சார் கொடைக்கானல் கான்வென்ட்ல படிச்சவரு. அரண்மனைய சூட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும் விடுறாரு.”

லிங்கேஸ்வரன் சொர்ணலதாவின் மகன். ராமுத்தாய் அரண்மனையில் இருந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அவள் முகம் அவனுக்கு ஞாபகமில்லை. அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதும் கிடையாது.

“நடிக்கிறேன் தம்பி” என்றாள். “ஆனா கதையில ஒரு காட்சி சேக்கணும். செங்கமடையில பேரு கூப்பிடுறதுன்னு ஒண்ணு உண்டு. கேட்டிருக்கீகளா?”

அவள் சொல்லச் சொல்ல விஜய்பாண்டிக்குக் கண் விரிந்தது. இதுதான் படத்தின் முதல் காட்சி என்று துள்ளினான்.

“முதல் நாளே கோயில்ல வச்சு எடுத்திருங்க, நல்லது. செட்டுப்போட்டுக் கெடுத்துராதீக. நெசப் பூசாரி, நெசப் பட்டு, நெசமான உறுமி. பங்குனிச் செவ்வாயா இருக்கட்டும். ஊர்ப் பொம்பளைகளையே நிக்க வைங்க. பேரெல்லாம் எனக்குத் தெரியும்.”

“எத்தனை பேரும்மா?”

“நீங்க எழுதித் தர வேணாம்” என்றாள்.

கார் போனதும் ஜெபராணி இடுப்பில் கைவைத்து நின்றாள். “மதினி, ஒங்க மூஞ்சியே சரியில்ல. என்ன செய்யப் போறீக?”

“நடிக்கப் போறேன்.”

“பொய் சொல்லாதீக.”

“பரிவட்டம் யாரு தலையில ஏறுதோ அவதான் அந்த வருசம் அரண்மனை. சூட்டிங்குன்னு அம்மனுக்குத் தெரியுமா ஜெபராணி? அவளுக்கு உறுமிச் சத்தம் தெரியும், பட்டு தெரியும், பூசாரி கை தெரியும். கேமராவா தெரியும்?”

ஜெபராணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “உள்ள போங்க. ஒங்க பேரக் கேட்டுட்டு வாங்க. அது ஞாயம். ஆனா கடைசியில அந்தக் கெழவி பேரையும் கூப்பிட்டுருங்க மதினி. மன்னிச்சிருங்க. எழுபத்து நாலு வயசு.”

“எனக்கு அன்னைக்கு இருபத்தஞ்சு வயசு.”

“சேசு சொல்லியிருக்காரு…”

“ஒங்க சேசுவுக்குப் பெருமனசு. அவரு செருப்ப யாரும் வாய்க்கால்ல போடல.”

ஜெபராணிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “சிலுவையிலயே அடிச்சாக, செருப்பு என்னத்துக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாகச் செங்கமடையில் பெயர் கூப்பிடவே இல்லை. சொர்ணலதாவுக்கு முட்டி போய் நிற்க முடியாமல் ஆனது. லிங்கேஸ்வரன் மனைவி அமெரிக்காவிலேயே இருந்துவிட்டாள். வேறு யார் தலையிலும் பட்டைக் கட்ட சொர்ணலதா சம்மதிக்கவில்லை. கடைசியாகக் கூப்பிட்டதே செல்லும் என்று சொல்லிவிட்டாள். அதனால் பழைய ஆட்கள் கோயிலுக்குள் போய்வந்தார்கள். பதினொரு வருடத்தில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் அத்தனை பேரும், பிள்ளை பெற்று முடியெடுக்க வந்தபோதும்கூட, படிக்கு வெளியிலேயே நின்றார்கள். அறுவடைக்குச் செங்கமடையிலிருந்து ஓடைப்பட்டிக்கு வருகிற பெண்களிடம் ராமுத்தாய் வருடாவருடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒங்க தெருவுக்கு யாரு மருமக வந்திருக்கா, எந்த வீட்டுக்கு, பேரென்ன? அவர்கள் பொழுதுபோக்குக்குச் சொல்லுவார்கள். அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

லிங்கேஸ்வரனுக்குச் சடங்கு தெரியாது. சடங்குச் சாமான் இருக்கிற பெட்டி மட்டும் தெரியும். டைரக்டர் ஒரிஜினல் பட்டு வேண்டும் என்றதும் பெருமையோடு திறந்து கொடுத்தான். பூசாரியிடம் தானே போய், “சூட்டிங்தான், வந்து செஞ்சு குடுத்துட்டுப் போங்க” என்றான். நம் அரண்மனையை இனி உலகம் பூராவும் பார்க்கும் என்று அம்மாவிடம் சொன்னான். யார் நடிக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பங்குனிச் செவ்வாய். கோயில் முன்னால் குடையும் விளக்கும் கேமராவுமாகக் கூட்டம். உடுப்புக்காரப் பெண் ராமுத்தாய்க்குச் சரிகைச் சேலை கட்டிவிட்டு, சரிகை வைத்த செருப்பு ஒன்றை நீட்டினாள்.

“வேணாம்மா.”

“ராணிம்மா வெறுங்காலோட எப்படி?”

“இந்த ராணி வெறுங்கால்தான்.”

கூட்டத்தில் வயதான பெண்கள் சிலர் அவளை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையை இடித்தாள். நின்ற நிலை மாறியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

பூசாரி ஒச்சாண்டி எழுபது வயதுக்காரர். பட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படிப்பக்கம் வந்தவர், முதலில் அவள் காலைப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“நடிப்பா ஆத்தா, நெசமா?” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“கோட்டைக்காரி முன்னால நடிக்க எனக்கென்ன தைரியம் பூசாரி? நீங்க கட்டுனா நெசம். அது ஒங்க கையிலதான் இருக்கு.”

“கட்டுனா அவுக்க முடியாது.”

“தெரியும்.”

ஒச்சாண்டி பட்டை விரித்து மடித்தார். “அன்னைக்குத் தாம்பாளத்த எடுத்துக் குடுத்தது நாந்தான். ஒரு பேரு விட்டுப்போச்சுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல” என்றார். சன்னதிக்குள் போய் நின்று, உறுமிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். உறுமி எழும்பியது. கிழவர் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

“கோட்டைச்சாமி ராஜா வீட்டுக்காரி ராமுத்தாயி… உள்ள வா ஆத்தா!”

முப்பது வருடம் அவள் காத்திருந்த சத்தம் அது. கேட்டபோது அழுகை வரவில்லை. உள்ளங்காலில் மட்டும் சுரீரென்று ஏதோ ஏறியது. படியைத் தாண்டினாள்.

“கட்! கட்!” என்று விஜய்பாண்டி ஓடிவந்தான். “பூசாரி ஐயா, பேரு தப்பு. கதையில அவுக பேரு மங்கம்மா தேவி.”

“கோயிலுக்குள்ள பொய்ப் பேரு கூப்பிட மாட்டேன் தம்பி. நீங்க மிசினுல மாத்திக்கங்க.”

விஜய்பாண்டி சுற்றிப் பார்த்தான். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருத்திகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. அவன் ஆண்டிபட்டிக்காரன். என்ன நடக்கிறது என்று முழுசாகப் புரியாவிட்டாலும், நிறுத்தக்கூடாது என்பது மட்டும் புரிந்தது. ஓடவிடுங்கடா என்று கேமராக்காரனுக்குக் கையைக் காட்டினான்.

பட்டு தலையில் ஏறியது. ராமுத்தாய் மஞ்சள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

“மேலத்தெரு வேல்பாண்டி வீட்டுக்காரி உமாதேவி, உள்ள வாத்தா!”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் திடுக்கிட்டாள். கல்யாணமாகி எட்டு வருடம், ஒருநாளும் அந்தப் படியைத் தாண்டாதவள். மாமியார் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். “போடி, கூப்பிடுறாகல்ல!” உமாதேவி படி ஏறும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் யாருக்கும் நடிக்கச் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லாமல் போனது. மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, கொல்லத்தெரு. வெயிலில் நின்று கேட்ட அதே வரிசை. செத்துப்போனவர்களை விட்டு, வந்த மருமகள்களைச் சேர்த்து, கையில் ஒரு துண்டுத்தாள் இல்லாமல் ராமுத்தாய் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

பாதியில் அரண்மனைப் பக்கமிருந்து சக்கர நாற்காலி வந்தது. சொர்ணலதா ராணி படப்பிடிப்புப் பார்க்க வந்திருந்தாள். மகன் தள்ளிக்கொண்டு வந்தான். முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். பிறகு குரலைக் கேட்டாள்.

“யாருடா அது?”

“ஹேமாவதின்னு ஒரு பழைய நடிகைம்மா.”

நாற்காலியின் கைப்பிடியை அவள் பிடித்த பிடியில் வளையல் சத்தம் போட்டது. “ஏலே, நிப்பாட்டச் சொல்லுடா!”

“அம்மா, சூட்டிங்மா. சும்மா நடிக்கிறாக.”

“நடிப்பு இல்லடா முட்டாப்பயலே! பட்டைக் கட்டிட்டாக. கூப்பிட்டுக்கிட்டு இருக்கா. போய் அவுருடா அதை!”

லிங்கேஸ்வரன் வாசலுக்குப் போனான். பெண்கள் வழிவிடவில்லை. “தம்பி, பேரு கூப்பிடுறப்ப நடுவுல போகக்கூடாது” என்றாள் ஒரு கிழவி. “ஒங்க ஆத்தாகிட்ட கேளுங்க, அவுகளுக்குத் தெரியும்.”

கடைசிப் பெயரும் முடிந்தது. ஊரே உள்ளே இருந்தது. படிக்கு வெளியே மிச்சம் செங்கமடைப் பெண் ஒரே ஒருத்தி. மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள்.

உறுமி நின்றது. எல்லோரும் ராமுத்தாயைப் பார்த்தார்கள். படப்பிடிப்புக் கூட்டத்துக்குப் பின்னால், துணைக்கு வந்து வேலியோரம் நின்ற ஜெபராணி கையைக் கூப்பிக் கெஞ்சுவது அவளுக்குத் தெரிந்தது. இந்த நிமிடத்தை ராமுத்தாய் பந்தலுக்கடியில் ஆயிரம் தடவை மனதில் நடித்துப் பார்த்திருக்கிறாள். அதில் எப்போதும் சொர்ணலதா நாற்பத்து நாலு வயதில், வைர மூக்குத்தியோடு, கழுத்தை நிமிர்த்தி நிற்பாள். இங்கே நிற்பது வாய் கோணி, முழங்கால் ஆடுகிற ஒரு கிழவி. ஒரு நொடி ராமுத்தாயின் நாக்கு அந்தப் பெயரின் முதல் எழுத்து வரைக்கும் போனது. பிறகு கிழவியின் காலைப் பார்த்தாள். மெத்தென்று வெல்வெட் செருப்பு. அம்மன் வாசலிலும் கழற்றாத செருப்பு.

ராமுத்தாய் தாம்பாளத்தைக் கவிழ்த்தாள்.

“அவ்வளவுதான் பூசாரி. நடையச் சாத்துங்க.”

“நான் இருக்கேன்டி!” கிழவியின் குரல் உடைந்தது. “இங்கன நான் ஒருத்தி நிக்கிறேன்டி!”

“நானும் ஒருத்தி நின்னேன்க்கா” என்றாள் ராமுத்தாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசை வரை கேட்கும்படி சொல்ல அவளுக்குத் தெரியும். சினிமாவில் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள்.

அன்றே அரண்மனை கேட்டைப் பூட்டிவிட்டார்கள். விஜய்பாண்டி மிச்சப் படத்தை வேறெங்கோ போய் எடுத்தான். ராமுத்தாய் நேராகச் சின்னமனூர் கடைவீதிக்குப் போனாள். பெண்கள் செருப்பு ஒன்றுகூட அவள் காலுக்குள் நுழையவில்லை. கடைசியில் கடைக்காரர் ஆண்கள் ரப்பர் செருப்பு ஒன்பதாம் நம்பரை எடுத்துப் போட்டார். கூடப் போன ஜெபராணி, “இதுக்கா முப்பது வருசம்?” என்றாள். ராமுத்தாய், “இதுக்குத்தான்” என்றாள்.

ஆடி பிறந்தது. குச்சனூரில் இந்தத் தடவை காக்கை வைத்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம், ஒரு காலைநேரத்தில், தோட்டத்து வரப்பில் அரண்மனைக் கார் வந்து நின்றது. லிங்கேஸ்வரன் இறங்கினான். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு பந்தல் வரை வந்தான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

“சித்தி” என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் அவளைக் கூப்பிடாத முறை. ராமுத்தாய் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

“சொல்லுங்க தம்பி.”

“அம்மாவுக்கு ரொம்ப முடியல. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. கோயில் பட்டு போத்தாம தூக்கிருவாகளோன்னு அதையே சொல்லிச் சொல்லி அழறாக. பூசாரிகிட்ட கேட்டேன். பரிவட்டம் கட்டுனவுக வந்து கூப்பிட்டாத்தான்னு சொல்லிட்டாரு. ஊரும் அதையேதான் சொல்லுது. நீங்க ஒரு தடவை வந்து அம்மா பேரைச் சொன்னாப் போதும். கார்லயே கூட்டிட்டுப் போயிக் கொண்டாந்து விட்டுர்றேன்.”

ஜெபராணி கையிலிருந்த குலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ராமுத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பா கோட்டைச்சாமி ராஜாவின் சாயல் அப்படியே இருந்தது. அதே சாதுவான கண், அதே தாழ்ந்த பார்வை. பாடை போன அன்றைக்கு ரோட்டோரம் நின்று அவள் பார்க்க முடியாமல் போன முகம். அந்த முகம் முப்பது வருடத்துக்கு முன் அவளிடம் சொன்னதை, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அவள் திருப்பிச் சொன்னாள்.

“அடுத்த வருசம் பாப்போம்.”

“சித்தி, அடுத்த வருசம் வரைக்கும் அம்மா…”

“பங்குனியில வாங்க தம்பி.”

அவன் சேற்றில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்துத் திரும்பிப் போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

“மதினி, இது பாவம்” என்றாள் ஜெபராணி.

“ஆமா” என்றாள் ராமுத்தாய். “பாவம்தான்.”

அன்று ஜெபராணி சாப்பாட்டுத் தூக்குவாளியைக்கூடத் தனியாகப் போய் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வேலை விட்டதும் ராமுத்தாய் வாய்க்காலில் காலைக் கழுவினாள். ஒன்பதாம் நம்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஏறி ஊரைப் பார்க்க நடந்தாள். ரோடு சூடாக இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு அடியும் டப், டப் என்று அடித்தது. மெதுவாக வைத்தால் அந்தச் சத்தம் வராது. அவள் மெதுவாக வைக்கவில்லை.